கெட்டியின் தண்ணி ஆயில்

என் அக்கா வீட்டுக்காரரைத் தேடி எங்கள் தெருவுக்கு யார் வந்தாலும், "கெட்டியா? அதோ, நீல ஷட்டர்" என்று கை காட்டுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் நானும் கெட்டி என்பேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும். அதனால் இந்தக் கதையில் இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மனிதருக்கு எல்லாமே கெட்டியாக இருக்க வேண்டும். டீ கெட்டியாக. போர்வை கெட்டியாக. கையெழுத்துப் போடுவதுகூட அட்டைப்பெட்டியில் எழுதுகிற தடித்த மார்க்கர் பேனாவில்தான். ஒரு தடவை பட்டறைக் கழிவறைக் கதவுக்குப் பெயின்ட் அடித்தார். ஒரு பூச்சு போதும் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். மூன்று பூச்சு அடித்தார். அன்றிலிருந்து அந்தக் கதவு மூடுவதில்லை. ஏழு வருடமாக, உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்று எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டுதான் உட்காருகிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆயில். எந்த இன்ஜின் வந்தாலும் அவர் கை போவது ஒரே கேனுக்குத்தான்: இருபது-ஐம்பது. எங்கள் அலமாரியில் இருப்பதிலேயே கெட்டியான ரகம். குளிர் நாளில் சாய்த்தால், வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டுதான் கேனை விட்டு வெளியே வரும். அதைவிட இளகின ரகம் எதைக் காட்டினாலும், "சீ, தண்ணி" என்று முகத்தைச் சுளிப்பார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில் அவர் ஒரு டாக்ஸி பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே கிழட்டு டாக்ஸி ஒன்றுக்கு ஆயில் மாற்றச் சொன்னார்கள். கையில் கிடைத்த இளகின ஆயிலை ஊற்றினார். இரண்டாம் நாள் நடுச்சாலையில் பேரிங் இறுகி இன்ஜின் நின்றுவிட்டது. டாக்ஸிக்காரர் வந்து, பட்டறையே பார்த்துக்கொண்டிருக்க, "இன்ஜினுக்குத் தண்ணி ஊத்தினவன் எவன்டா?" என்று கத்தினாராம். அத்தான் கையைத் தூக்கினாராம். இன்றைக்கு அதைச் சொன்னாலும் அவர் காது சிவக்கும். அன்றோடு இளகின ஆயிலுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அக்காவைக் கட்டிக்கொண்டதும் இந்தக் கெட்டித்தனத்தால்தான். எங்கள் அப்பாவின் டெலிவரி வேனைப் பழுது பார்க்க வீட்டுக்கு வந்தவருக்கு அக்கா டீ கொடுத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, "கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லா இருக்கும்" என்றார். அக்கா நிதானமாகப் பார்த்து, "அடுப்பு அங்க இருக்கு, கை உங்ககிட்ட இருக்கு" என்றாள். மனிதர் எழுந்து போய் அவரே டீ போட்டு, அக்காவுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது கதை. அக்கா ஓட்டுநர் பயிற்சி சொல்லிக்கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் பிரேக் போடுவதைப் பொறுத்துக்கொண்டு பழகியவள் என்பதால் இந்த மனிதரோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்திவிட்டாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் அவரோடு குடித்தனம் நடத்தவில்லை, கடைதான் நடத்துகிறேன்.

நீல ஷட்டரைத் தூக்கினால் முன்னால் என் கவுன்ட்டர். அதற்குப் பின்னால் ஃபில்டர், கேஸ்கெட், பெல்ட் என்று கூரை வரைக்கும் அலமாரி. அதைத் தாண்டி இரண்டு வண்டி நிற்கிற இடம். கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை ஒன்று. அதுதான் இன்ஜின் அறை. அங்கே செருப்போடு நுழைந்தால் அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பந்தயத்துக்கு ஓடுகிற இன்ஜின்களை அவர் அங்கேதான் கட்டுவார். மேஜை மேலே வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு சாமானையும் துடைத்து, அளந்து, மறுபடியும் அளந்து, பிடிக்காவிட்டால் கழற்றி முதலிலிருந்து தொடங்குவார். அந்த வேலையில் மட்டும் நான் வாய் திறக்க மாட்டேன். அவ்வளவு சுத்தம்.

அந்த அறைச் சுவரில் சட்டம் போட்ட காகிதம் ஒன்று தொங்குகிறது. அது ஒரு பந்தயப் படிவம். அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒரே மகள். இருபத்தேழு வயதாகி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தாலும் எங்களுக்கு அவள் 'சின்னது'தான். ஐந்து வருடமாக மலைப்பாதைப் பந்தயம் ஓட்டுகிறாள். பதினொரு வளைவு ஏறி உச்சியைத் தொட வேண்டும், ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் குறிப்பார்கள். வண்டி, பழைய இரண்டு கதவுக் கார். இன்ஜின், அப்பா கட்டியது. முதல் வருடம் படிவத்தில் 'இன்ஜின் கட்டியவர்' என்ற கட்டத்தில் 'அப்பா' என்று எழுதி அனுப்பிவிட்டாள். 'முழுப் பெயர் எழுதவும்' என்று சிவப்பு மையில் திருப்பி அனுப்பினார்கள். அதைத்தான் கெட்டி சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

இனி சண்டைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இன்ஜின் சமாசாரம் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், சொன்னால்தான் யார் பக்கம் நியாயம் என்று தெரியும்.

இன்ஜினுக்குள் கேம்ஷாஃப்ட் என்று ஒரு தண்டு சுற்றும். அதில் இருக்கிற பல், டிஸ்ட்ரிபியூட்டரின் கியரைச் சுற்றிவிடும். எந்த சிலிண்டருக்கு எப்போது தீப்பொறி என்று பங்கு போட்டுக் கொடுப்பதுதான் டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. அது போதாதென்று, அதன் அடி நுனி ஆயில் பம்பையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். ஆக மேலே தீப்பொறி, கீழே பம்ப், இரண்டையும் தாங்கிக்கொண்டு நடுவில் கிடப்பது கைக்குள் அடங்குகிற அந்த ஒரு கியர். அது தேய்ந்தால் தீப்பொறி தாமதமாகும். வண்டி இருமும், இழுக்காது.

போன குளிர்காலத்தில் அத்தான் சின்னதின் இன்ஜினில் ஸ்டீல் கேம்ஷாஃப்ட் போட்டார். ஸ்டீலுக்கும் பழைய இரும்பு கியருக்கும் ஒத்துப்போகாது, ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதனால் வெண்கல கியர் வேண்டும் என்றார். நான் வரவழைத்துக் கொடுத்தேன். கூடவே, "இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு" என்று சொல்லி, இருந்ததைவிடப் பெரிய ஆயில் பம்ப் ஒன்றையும் அவரே தேடிப் பிடித்து மாட்டினார். ஆயில் அழுத்தம் காட்டுகிற மீட்டரில் ஊசி உச்சிக்குப் போய் நின்றது. போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "பாத்தீங்களா, எப்படி நிமிர்ந்து நிக்குது!" என்று காட்டினார்.

அடுத்து வந்த பந்தயப் பருவத்தில் வண்டி மூன்று கியரைத் தின்றது. முதல் பந்தயத்தில் ஆறாவது வளைவில் இருமி நின்றது. அடுத்ததில் எட்டாவது. மூன்றாவதில் மறுபடியும் ஆறாவது. ஒவ்வொரு தடவையும் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே இழுத்தால், கியரின் பல் கத்தி முனை மாதிரி கூராகி நிற்கும். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் வெண்கலத் தூள் தங்கமாக மினுமினுக்கும்.

பழி யார் மேலே? என் மேலே.

"மட்டமான கியரா பாத்து வாங்கி வெச்சிருக்க" என்றார் முதல் தடவை. சரி, மனிதர் வருத்தத்தில் பேசுகிறார் என்று கடையை மாற்றினேன். இரண்டாம் தடவை, "இதுவும் அதே லட்சணம்தான்" என்றார். மறுபடியும் வேறு இடத்தில் சொல்லி வரவழைத்தேன். மூன்றாவது கியரையும் கொண்டுவந்து என் கவுன்ட்டர் மேலே டொக்கென்று வைத்து, "வெண்கலம்னு சொல்லி வெண்ணெயைக் குடுத்திருக்காங்க, நீயும் வாங்கிட்டு வந்திருக்க" என்றாரே பார்க்கலாம். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"மூணு ஊர்ல இருந்து மூணு பேர் எனக்கு வெண்ணெய் அனுப்பறாங்களா? மூணு கியரும் ஒரே மாதிரி செத்திருக்கே, கொன்னது யாருன்னு உங்க இன்ஜினைக் கேளுங்க!" என்றேன்.

"என் இன்ஜினை ஒண்ணும் சொல்லாத."

"அப்ப என் கியரையும் ஒண்ணும் சொல்லாதீங்க!"

இதற்கு நடுவில்தான் சின்னது வந்து நின்றாள். காலை வேலை முடித்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கையில் அடுத்த வருடத்துப் படிவம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள், 'இன்ஜின் கட்டியவர்' மட்டும் காலி. அதைக் கவுன்ட்டர் மேலே வைத்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. இன்னும் ஒரே பந்தயம்தான் மிச்சம். அதுல உச்சி வரைக்கும் போயிட்டா சரி. இல்லன்னா அடுத்த வருஷத்துக்கு மலை அடிவாரத்துல இருக்கற அந்தப் பட்டறையில இன்ஜின் கட்டிக்கறேன். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில கயிறு கட்டி இழுத்துட்டு வர்றது எனக்குக் கஷ்டமா இருக்குப்பா."

குரலை உயர்த்தவில்லை. நோயாளியிடம் மூச்சை இழுத்துப் பிடிங்க என்று சொல்கிற அதே குரல். அத்தான், "சரிம்மா" என்றார். அவள் போன பிறகு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு ஸ்பானரை எடுத்து அரை மணி நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. படிவம் பறக்காமல் இருக்க ஒரு ஆயில் ஃபில்டரை அதன் மேல் வைத்தேன். காலிக் கட்டம் மட்டும் வெளியே தெரிந்தது.

நாலாவது கியர் வந்தது. கடைசிப் பந்தயத்துக்குப் பத்து நாள் இருந்தது.

இன்ஜினைக் கழற்றிப் பூட்டினால், முதலில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஆயிலை எல்லா இடத்துக்கும் ஏற்ற வேண்டும். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக ஒரு நீளத் தண்டை இறக்கி, மேலே டிரில் மிஷினை மாட்டி ஆயில் பம்பை நேரடியாகச் சுற்றுவோம். டிரில்லைப் பிடிப்பது எப்போதும் நான்தான். அத்தான் குனிந்து மீட்டரையும் வால்வுகளையும் பார்ப்பார். அன்று காலை நல்ல குளிர். விரல் விறைக்கிற குளிர்.

விசையை அழுத்தினேன். டிரில் 'ம்ம்ம்' என்று முனகியது. வழக்கமாக விர்ரென்று சுற்றுகிற மிஷின், மணிக்கட்டை முறுக்கி என்னையே சுற்றப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். கைக்குள் சூடு ஏறியது. கருகல் வாடை.

"அத்தான், புகையுது!"

"விடாத, விடாத, ஊசி ஏறுது, அடேயப்பா, என்னமா ஏறுது!"

பட்டென்று ஒரு சத்தம். டிரில் செத்துப்போனது. வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. கெட்டி நிமிர்ந்து, "டிரில்லும் மட்டமா வாங்கியிருக்க" என்றார்.

அந்த நொடியில் எனக்கு மண்டையில் உறைத்தது. கத்த வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மணிக்கட்டு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. நான் அரை நிமிடம் பிடித்ததற்கே இந்த வலி என்றால், பந்தயத்தன்று குளிர்ந்த காலையில் வண்டியைக் கிளப்பி மலை மேல் விரட்டும்போது இந்த முறுக்கலை எல்லாம் யார் தாங்குவது? நானா? டிரில்லா? அந்த ஒரு கியர்தான். பெரிய பம்ப், அதற்குள் தேன் மாதிரி ஆயில். கியர் என்ன செய்யும் பாவம், தேயத்தான் தேயும்.

"அத்தான், கியர்ல ஒண்ணுமில்ல. பம்புதான் அதைக் கொல்லுது. பம்பும் பெரிசு, ஆயிலும் கெட்டி. பழைய பம்பைப் போட்டுட்டு, இளகின ரகம் அந்தப் பத்து-முப்பதை ஊத்திப் பாருங்களேன். பந்தய இன்ஜினுக்குன்னே வர்றது, தேய்மானத்துக்கு மருந்தும் கலந்திருக்கு."

"தண்ணியையா? என் பொண்ணு வண்டிக்குத் தண்ணியா?"

அதே நேரம் பார்த்து ஃப்ளாஸ்கோடு உள்ளே வந்த அக்கா, "காலங்காத்தாலயே யாரு தண்ணி போட்டது?" என்றாள். வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம். அத்தான் சிரிக்கவில்லை.

"மெல்லிசா ஊத்தினா பேரிங் தாங்காது. உனக்கு என்ன தெரியும்? கவுன்ட்டர்ல நின்னுட்டு வாய்க்கு வந்ததைப் பேசாத."

வந்ததே கோபம் எனக்கு. "கெட்டி ஆயில் தொளதொளன்னு தேஞ்ச இன்ஜினுக்கு! இது நீங்க உக்காந்து உக்காந்து அளந்து கட்டினது. நீங்க கட்டின இன்ஜின் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு இன்ஜின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னதில் தப்பும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன.

மூன்று நாள் மனிதர் என்னோடு பேசவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார், போவார். சாமான் வேண்டுமென்றால் அட்டைத் துண்டில் மார்க்கரால் எழுதி கவுன்ட்டரில் தள்ளுவார். 'ஃபில்டர் 2.' நான் அதன் பின்பக்கத்தில், 'எந்த வண்டிக்கு?' என்று எழுதித் திருப்பித் தள்ளுவேன். 'உனக்குத் தெரியும்.' 'தெரியாது.' ஒரு ஃபில்டர் கைமாற நாலு அட்டை ஆனது. வாடிக்கையாளர் ஒருவர், "அண்ணனுக்குத் தொண்டை கட்டிடுச்சாம்மா?" என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார். "தொண்டை இல்லைங்க, தலைக்கனம் கட்டியிருக்கு" என்றேன், உள்ளே கேட்கட்டும் என்று.

நாலாம் நாள் காலையில் நான் வரும்போது ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து நுழைந்தேன். சின்னதின் இன்ஜின் தாங்கியில் நின்றது. பக்கத்தில் இரண்டு பம்ப், பழையதும் பெரியதும். தரையில் வடித்த ஆயில் தட்டுகள் வரிசையாக இருந்தன. அத்தான் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் வலது கையை முக்கி உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் டி வடிவக் கைப்பிடி ஒன்று கிடந்தது. விடிந்ததும் வந்து, பம்பை டிரில் இல்லாமல் கையாலேயே சுற்றிப் பார்த்திருக்கிறார். பெரிய பம்ப், கெட்டி ஆயில். பெரிய பம்ப், இளகின ஆயில். பிறகு பழைய பம்பை மாட்டி அதே மாதிரி இரண்டு. ஒவ்வொன்றையும் நூறு சுற்று. கையைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கையில் கொப்புளம்.

"முதல்ல சுத்தினப்ப வந்தது இது" என்றார். "கடைசியா சுத்தினதுல ரெண்டு விரலே போதுமா இருந்துச்சு."

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்த டாக்ஸி இருக்கே..." என்று தொடங்கினார். காது சிவந்தது. "நான் ஆயில் மாத்தறதுக்கு முன்னாடியே அந்த பேரிங் தட்டிட்டுதான் இருந்துச்சு. என் காதால கேட்டேன். எல்லாரும் நிக்கறாங்க, எனக்கு நாக்கு எழும்பல. அப்புறம் நானும் நம்பிட்டேன், தண்ணி ஊத்தினதாலதான்னு. முப்பது வருஷமா நம்பிட்டு இருந்திருக்கேன் பாரேன். அது தேஞ்ச இன்ஜின்மா. இதுல ஒரு தலைமுடி நுழையாது, நானே அளந்தது. இவ்வளவு இறுக்கமா கட்டிட்டு, என் வேலையை நானே சந்தேகப்பட்டுக் கெட்டி ஆயிலையும் ஊத்தி, பெரிய பம்பையும் மாட்டி... பாவம் அந்த கியர்."

கையை மறுபடியும் வாளியில் முக்கினார்.

"உன் கியர் நல்ல கியர்தான். மூணுமே."

அழுதுவிடுவேனோ என்று பயந்து, "அதை மார்க்கர்ல எழுதிக் குடுங்க" என்றேன்.

எழுந்து போய், இடது கையால், அட்டையில் எழுதிக் கொண்டுவந்து தள்ளினார். 'கியர் நல்லது.' எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அந்த அட்டை இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. சண்டை வரும்போது எடுத்துக் காட்டுவேன்.

பழைய பம்ப், பத்து-முப்பது, புது கியர். புதிதாக வாங்கிய டிரில்லை நான் பிடித்தேன், விர்ரென்று சுற்றியது. மீட்டரில் ஊசி பாதியில் நின்றது. அத்தானுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், திறந்து பார்த்தார், விரலால் மீட்டரைத் தட்டினார். ஊசி பாதியிலேயே நின்றது. வாசற்கதவைத் தாண்டிக் குழந்தை வெளியே போவதைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பந்தயத்தன்று காலை மலை அடிவாரத்தில் மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். சின்னது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினாள். மீட்டரைப் பார்த்தாள்.

"அப்பா, ஊசி பாதியிலேயே நிக்குதே?"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தான் எச்சிலை விழுங்கினார்.

"அது அங்கதான் நிக்கணும்" என்றார், பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லிவருகிறவர் போல. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வண்டி கிளம்பி மறைந்தது. கீழே ஒரு மேஜை போட்டு, ஒவ்வொரு வளைவிலும் நிற்கிறவர்கள் வாக்கி டாக்கியில் சொல்வதைக் கேட்டு ஒருவர் உரக்க அறிவித்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டி முப்பத்தொன்று. "முப்பத்தொண்ணு, ரெண்டாவது வளைவு." அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கை பக்கத்தில்தான் இருந்தது, பதற்றத்தில் யார் கை என்று பார்க்கவில்லை. "நாலாவது." கொப்புளம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் நெரித்தார். "அஞ்சாவது."

அப்புறம் சத்தமே இல்லை. மேஜைக்காரர் வாக்கி டாக்கியைக் காதில் வைத்துக் கேட்டார், தலையை ஆட்டினார், மறுபடி கேட்டார். கவுன்ட்டர் மேல் ஃபில்டருக்கு அடியில் கிடக்கிற அந்தக் காலிக் கட்டம் கண் முன்னால் வந்து நின்றது.

"ஆறாவது கேக்கலைங்க, கரகரங்குது... முப்பத்தொண்ணு, ஏழாவது வளைவு!"

"போயிட்டா!" என்று அக்கா கத்தினாள். அத்தான் கத்தவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று ஒவ்வொன்றுக்கும் உதடு மட்டும் அசைந்தது. பதினொன்று என்றதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். முதலிடம் வந்தவரின் வீட்டார்கூட எங்கள் அளவுக்குக் குதித்திருக்க மாட்டார்கள்.

எல்லா வண்டியும் இறங்கி வந்த பிறகு சின்னது வந்து நிறுத்தினாள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அத்தான் பானெட்டைத் திறந்துவிட்டார். வாழ்த்தும் இல்லை, ஒன்றும் இல்லை. "சுடும்ப்பா" என்றாள். கேட்கவில்லை. இருந்த இடத்துக்கு ஒரு அடையாளக் கோடு போட்டு, பிடியைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்ல வெளியே இழுத்தார். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கியரைத் துடைத்தார். துணியில் ஆயில் கறை இருந்தது, மினுமினுப்பு இல்லை. பல்லெல்லாம் முழுசாக இருந்தது. ஒவ்வொரு பல்லின் நடுவிலும் ஒரே அளவாய் ஒரு மெல்லிய பளபளப்பு, அவ்வளவுதான்.

அதை மகளிடம் நீட்டினார். அவள் வாங்கி, எக்ஸ்ரே படத்தைப் பிடிப்பது போல வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எலும்பெல்லாம் நல்லா இருக்குப்பா" என்றாள்.

"ஆயிலை மாத்தினோம்" என்றார் அவர். "தண்ணிதான். உங்க சித்தி சொன்னா. நான்தான் கேக்கல."

என்னால் நம்பவே முடியவில்லை. நாலு பேர் நடுவில், இத்தனை பேர் காதில் விழ, எங்கள் கெட்டி சொல்கிறார். இந்தத் தடவை காது சிவக்கவில்லை. அக்கா ஃப்ளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி, "கெட்டின்னு கூப்பிட்டாங்க இத்தனை நாளா, இன்னிக்குத்தான் கெட்டிக்காரர்னு ஒத்துக்கறேன்" என்று நீட்டினாள். அவசரத்தில் போட்ட டீ, வெறும் வெந்நீர். அத்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

சின்னது அந்தப் படிவத்தைப் பற்றி அன்று எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வருகிற வழியெல்லாம் அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், எனக்குத் தெரியும் அவர் எதை நினைத்துக்கொண்டு வருகிறார் என்று.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால், உள்ளே சர் சர்ரென்று சத்தம். அத்தான் எனக்கு முன்னாலேயே பின்வழியாக வந்து கழிவறைக் கதவின் பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்க வெள்ளைத் தூள்.

"சின்னது வேலைக்குப் போற வழியில வந்துட்டுப் போனா" என்றார், என்னைப் பார்க்காமல். "கவுன்ட்டர்ல பாரு."

ஃபில்டரைத் தூக்கினேன். பேனா தேடியிருக்கிறாள் போலிருக்கிறது, அவர் மார்க்கர்தான் கையில் கிடைத்திருக்கிறது. 'இன்ஜின் கட்டியவர்' கட்டத்தில், கோடுகளையெல்லாம் தாண்டி, தடிதடியாக ஒரே வார்த்தை: அப்பா.

கண்டிப்பாகத் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும். அந்த அறைச் சுவரில் இன்னும் ஒரு ஆணி அடிக்க இடம் இருக்கிறது.